டொபிக்குத் தீராத மறதி

செய்தி வந்தபோது நான் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தேன். பழுதைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பழுது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். மருமகள் வாசலில் வந்து நின்று, "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். கடைசிக் காலத்தில் அவர் படலையைத் திறந்துகொண்டு எங்காவது நடந்துவிடுவார், நான் மோட்டார் சைக்கிளில் தேடிப் போவேன். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்போதுதான் விளங்கியது.

சம்பந்தியார் சந்தியாப்பிள்ளையைப் பேசாலையில் அறியாதவர்கள் குறைவு. அவரிடம் ஒருமுறையாவது ஏமாறாதவர்கள் அதைவிடக் குறைவு. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மகள், அதாவது என் மருமகள், கேட்டாள். ஓ.எல். பரீட்சையில் என்னை இரண்டு முறை தோற்கடித்தது கணிதம்தான், தமிழ் அல்ல என்ற துணிவில் எழுதுகிறேன்.

இந்தியாவில் முகாம்களில் இருந்துவிட்டுச் சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவர்கள் நாங்கள் இருவரும். கூரைத் தகரம் கொடுத்த வரிசையில்தான் அவரை முதலில் கண்டேன். "தம்பி, கொஞ்ச நேரம் என்ர இடத்தில நில்லுங்கோ, வாறன்" என்றார். நின்றேன். இடத்தின் உண்மையான சொந்தக்காரர் வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நிமிர்ந்து பார்த்தால் இவர் வரிசையின் முன்னால் தகரம் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த மனிதரின் மகளைத்தான் பிறகு என் மகன் விரும்பினான். என்ன செய்வது?

சோளகக் காற்றில் படகுகள் போகாத நாட்களில் அவருடைய கருவாட்டு வாடிக் கொட்டிலில் முந்நூற்று நாலு விளையாடுவோம். அந்தச் சீட்டு விளையாட்டில், ஏலம்போல் கேட்கும் கேள்வியை வென்றவர் ஒரு சீட்டைத் துரும்பாக, அதாவது மற்றச் சீட்டுகளை வெட்டும் இனமாக, கவிழ்த்து வைப்பார். அது எது என்று அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களைத் தடுமாறவிட்டு, சரியான நேரத்தில் அதைத் திறப்பதில்தான் வெற்றி. சம்பந்தியார் அதில் மன்னன். "சீட்டை ஏன் பாக்கிறியள்? முகத்தைப் பாருங்கோ, சீட்டு அங்கதான் இருக்கு" என்பார். நான் எப்போதும் அவருடைய சோடி. என்னை வேறு யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

இருவருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. எனக்குக் குளிசை, அவருக்கு முகாம் காலத்திலிருந்தே இன்சுலின் ஊசி. மனைவி தவறியபின் தனியாக இருந்தார், தானே குத்திக்கொள்வார். ஒருமுறை மடு மாதா திருவிழாவில் வியர்த்து, கை நடுங்கி, என்னை யாரென்று கேட்டார். சீனி இறங்கிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர் சொல்ல, ஒரு டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். சிறிது நேரத்தில் தெளிந்துவிட்டார். அன்றிலிருந்து என் சட்டைப்பையில் டொபி இருக்கும். அதில் பாதி என் வாய்க்குள் போனதைக் கிளினிக்கில் நான் சொல்வதில்லை.

பிறகுதான் அவர் விளையாட்டில் தடுமாறத் தொடங்கினார். கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார். தன் துரும்பைத் தானே வீணாக எறிவார். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து எங்களோடு விளையாடும் இஸ்மாயில் நானா நம்பவே மாட்டார். "இந்தக் கள்ளன் நடிக்கிறான் பாருங்கோ! மறந்த மாதிரிக் காட்டி எங்களை விழுத்தப் பாக்கிறான்" என்பார். நான் டொபியை நீட்டுவேன். சம்பந்தியாரும், "ஓம் ஓம், சீனி இறங்கிட்டுது" என்று வாயில் போட்டுக்கொள்வார். ஒருவர் அதைத் தந்திரம் என்றார், ஒருவர் சீனி என்றார். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

மருமகளுக்குத்தான் தோன்றியது. அவள் சீனி பார்க்கிற மெசின் ஒன்று வாங்கியிருந்தாள். ஒருநாள் அவர் தடுமாறி நின்றபோது, "மாமா, டொபி பிறகு" என்று அவருடைய விரலைக் குத்திப் பார்த்தாள். சீனி இறங்கியிருக்கவில்லை, ஏறித்தான் இருந்தது. "மெசின் பிழை" என்றார் சம்பந்தியார். என் விரலையும் குத்தினார்கள். என்னுடையது அளவாக இருந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மார்க். அவள் போய் இன்சுலின் போத்திலைப் பார்த்தாள். இருக்கவேண்டியதைவிட மருந்து கூடுதலாக இருந்தது. அவர் குத்த மறந்த நாட்கள் இருந்திருக்கின்றன. நாளைக்கு ஒருநாள், குத்தியதை மறந்து இன்னொரு தரம் குத்தினால், தனி வீட்டில் யாரும் அறியாமல் முடிந்துவிடும்.

"அப்பா, ஊசியை என்னட்டத் தாங்கோ" என்றாள்.

"இண்டைக்கு ஊசி கேப்பாய். நாளைக்கு வீட்டுப் பூட்டுத் திறப்பைக் கேப்பாய். போடி!"

கெஞ்சி மன்னார்க் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டொக்டர். "ஐயா, இண்டைக்கு என்ன நாள்?" என்று கேட்டார்.

"கிளினிக் நாள்."

"என்ன மாதம்?"

"பஸ் நிறையச் சனம் மடுவுக்குப் போகுது. நீங்களே கணக்குப் பாருங்கோ, டொக்டர்."

"இந்தக் கடதாசியில ஒரு மணிக்கூடு கீறிக் காட்டுங்கோ."

"உங்கட கையில ஒண்டு, சுவரில ஒண்டு. மூண்டாவது என்னத்துக்கு?"

வாங்கில் காத்திருந்த நோயாளர் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மனுசன் பாஸ் என்று நினைத்தேன். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா நல்லாக் கதைக்கிறார். கேட்டதுக்குத்தான் இன்னும் பதில் சொல்லேல்லை" என்றார். பிறகு என்னிடம், அவர் வழக்கமாக எதைத் திறமாகச் செய்வார் என்று கேட்டார். சொன்னேன். "முந்நூற்று நாலோ? கம்பஸ் விடுதியில நாங்களும் விளையாடினதுதான். சனம் போகட்டும், இருங்கோ."

சீட்டுக்கட்டு சம்பந்தியாரின் பையிலேயே இருந்தது. டொக்டரும் மருமகளும் ஒரு பக்கம், நாங்கள் மறு பக்கம். அவர் கேள்வியை வென்று துரும்பைக் கவிழ்த்து வைத்தார். கொஞ்சம் விளையாடியபின் டொக்டர், "ஐயா, துரும்பு என்ன?" என்றார்.

"துரும்பை ஆரும் சொல்லுவினமோ?"

"காதில சொல்லுங்கோ. நான் ஆருக்கும் சொல்லன்."

குனிந்து சொன்னார். "கிளாவர்" என்பது எனக்கே கேட்டது. டொக்டர் சீட்டைத் திருப்பினார். அது கறுப்பே அல்ல, சிவப்பு.

அவர் சிரிப்பார், இதுவும் ஒரு தந்திரம் என்பார் என்று காத்திருந்தோம். வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சீட்டைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டொக்டர், சீனி இறங்கிட்டுது போல" என்றார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டொக்டர் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "இல்லை ஐயா. சீனி குறையேல்லை" என்றார்.

டொக்டர் எங்களை இருத்தி விளக்கினார். கனகாலம் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடுதல். சீனி இறங்கினாலும் ஏறினாலும் தற்காலிகத் தடுமாற்றம் வரலாம், அதனால் டொபிக்கு முன் மெசின். மருந்து எடுத்தாரா, எடுத்ததை மறந்தாரா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். ஒரு சீட்டைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினார். அங்கே மறதி நோய்தான் என்றார்கள். அதற்குள் சம்பந்தியார் தன் முடிவை எடுத்துவிட்டார்.

கிளினிக்கால் வந்து பஸ் நிலையத்தில் நின்றபோது, வாழைப்பழத்தோல் தின்ற ஒரு கழுதையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசிப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். "சம்பந்தி, கள்ள விளையாட்டுக்கு ஞாபகம் வேணும். இனி நான் நேர்மையாத்தான் விளையாட வேணும். இந்த வயசில, என்ன கொடுமை!" என்றார். மகளுக்குக் கேட்கும்படி, "திறப்பை மட்டும் கேக்கப்படாது" என்று சேர்த்தார். மகளும் கேட்கவில்லை. பிறகு எங்கள் வீட்டோடு தங்க வந்த நாளில் அவரே கொடுத்தார்.

அதன்பின் காலையும் மாலையும் ஊசி என் வேலை. "கணக்கில பெயில் விட்டவரிட்ட என்ர உயிர்" என்று கையைக் காட்டுவார். என் பெயரை மறந்த பிறகும் என்னைச் "சோடி" என்று கூப்பிட்டார். ஊசியால் அவருக்கு ஒரு நாளும் மோசம் வரவில்லை. ஒரு மத்தியானம், உறக்கத்தில், இதயம் நின்று போனார்.

எனக்கு அவர் விட்டுப்போனது இதுதான்: நான் எதையாவது மறந்து விழித்தால், டொபிக்குப் போகும் கையை நிறுத்தி, முதலில் மெசினைக் கொண்டுவரும்படி மருமகளிடம் சொல்கிறேன். கிளினிக்கில் டொக்டர் கேட்பதற்குப் பகிடி விடாமல் பதில் சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். மணிக்கூடு கீறச் சொன்னால் கீறுகிறேன். போனமுறை முட்கள் சரியான இடத்தில் விழுந்தன. வட்டம்தான் கழுதை மிதித்த ரொட்டி மாதிரி வந்தது. அது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான் என்று டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.