ஐரோப்பா திறந்து பார்த்த தேக்சா

ரஷ்யா பக்கத்து நாட்டுக்குள் படையோடு நுழைந்தது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது என்னை மாஸ்கோ ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் ஆம்பூர் ஆள். ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறேன். மெயில் வந்தால் பதில் எழுதுவதும், பதில் வராவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் என் பொறுப்பு. இரண்டாவதில் எனக்கு நல்ல அனுபவம்.

எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். ஒருவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர். வருடத்தின் பெரும்பகுதி அவர் வேலைதான் ஓடும். அவர் ஆர்டர் அடங்குகிற மாதங்களில் ரஷ்யாக்காரரின் பூட்ஸ் வரும். பனியில் நடக்க, உள்ளே கம்பளி வைத்துத் தைக்கிற பூட்ஸ். ஆம்பூர் வெயிலில் அதைத் தொட்டாலே கை வேர்க்கும். அதற்கென்று தனியாக ஒரு லைன். ஒடுகத்தூர் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள், எல்லோரும் காண்ட்ராக்ட். பூட்ஸ் நின்றால் அவர்களுக்கு வேலை இல்லை.

ஒன்றியத்துக்கும் ரஷ்யாவுக்கும் உறவு முறிந்து, தடைக்கு மேல் தடை வந்தது. நான் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன். நாங்கள் தைக்கிற பூட்ஸைத் தடுக்கிற தடை ஒன்றுமில்லை என்றார்கள். அப்பாடா என்று உட்காரும்போது ஐரோப்பாக்காரரிடமிருந்து மெயில். தங்களுக்கு வேலை செய்யும் கம்பெனி ரஷ்யாவுக்கும் செய்வதைத் தங்கள் நிர்வாகம் விரும்பவில்லையாம். நிலைமையை நேரில் பார்க்க ஒரு அம்மையார் வருகிறாராம்.

விரும்பவில்லையாம்! இவர்கள் வீட்டுக் குளிருக்கு எத்தனையோ வருடமாக ரஷ்ய எரிவாயு குழாயில் போனது. சண்டை வந்த பிறகும் அதை ஒரே நாளில் மூடவில்லை. மெதுவாகத்தான் குறைப்போம், எங்கள் ஜனங்கள் குளிரில் கஷ்டப்படுவார்கள் என்றார்கள். சரி, மனிதர்கள்தானே, குளிரத்தான் செய்யும். ஆனால் தங்களுக்கு அவகாசம் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, ஒடுகத்தூர்ப் பெண்களுக்கும் அவகாசம் வேண்டும் என்பது மட்டும் ஏன் தோன்றவில்லை?

இப்படியெல்லாம் மனதுக்குள் கொதித்த வீரன், அந்த அம்மையார் வருகிற காலையில் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

ஒரு வாடிக்கையாளர் வரும்போது மற்றவரின் சாம்பிள்களை எடுத்து மறைப்பது எங்கள் தொழிலில் சாதாரண மரியாதை. வழக்கமாக பீரோவில் வைத்துப் பூட்டுவோம். எனக்கோ பயம் தலைக்கேறியிருந்தது. பீரோவைத் திறக்கச் சொன்னால்? குடோனுக்குள் போனால்? ரஷ்ய பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி முழுக்கச் சுற்றினேன். கடைசியில் கேன்டீனில் பெரிய தேக்சா ஒன்று சும்மா கிடந்தது. பண்டிகைக்கு மட்டும் பிரியாணி ஆகிற பாத்திரம். பூட்ஸை அதற்குள் இறக்கி மூடியைப் போட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் பிறந்தவன் மறக்கக் கூடாத ஒன்றை மறந்திருந்தேன். இங்கே விருந்தாளி வந்தால் பிரியாணி ஆகும். ஆவது மட்டுமில்லை. பிரியாணியின் தம் உடைக்கிற நேரத்தில் விருந்தாளியை அடுப்படிக்கே கூட்டிவந்து, அவர் கையாலேயே மூடியைத் திறக்கவைத்து, அந்த முதல் ஆவி முகத்தில் அடிப்பதைப் பார்த்து ரசிப்பது எங்கள் முதலாளி பாயின் வழக்கம்.

பாய் அந்த அம்மையாரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனபோது நான் பின்னால் ஓடினேன். சின்ன தேக்சாவில் பிரியாணி, பக்கத்திலேயே என் பெரிய தேக்சா. "நீங்களே திறங்க மேடம்" என்றார் பாய். அந்த அம்மையார் மரியாதை தெரிந்தவர். விருந்து பெரியதில்தான் இருக்கும் என்று பெரியதைத் திறந்தார்.

ஆவி வரவில்லை. கம்பளி பூட்ஸ் வந்தது.

பாய் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது? லெதர் பிரியாணியா?"

"எலி பாய்" என்றேன். "எலி கடிச்சிடும்னு உள்ள வெச்சேன்."

"எலிக்கு பயந்தா? உன் மூஞ்சியப் பாத்தா பூனைக்கு பயந்தவன் மாதிரி கீது."

அம்மையார் முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் ஒரு பூட்ஸை எடுத்துத் திருப்பி, உள்ளே இருந்த லேபிளைப் பார்த்தார். "இது ரஷ்யாவுக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் மறுபடியும் எலியைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் பாய் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: "ஆமாம் மேடம், ரஷ்யாவுக்குத்தான். இதை நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் அந்த லைனுக்கு அந்த மாதங்களில் உங்கள் வேலையைத் தருவீர்களா?"

"நான் பார்த்ததை எழுதுவேன். முடிவு நிர்வாகத்தினுடையது" என்றார் அவர்.

சாப்பிடும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பயந்தவனுக்குத்தான் திடீரென்று வாய் நீளும். உங்கள் ஊருக்கு ரஷ்ய எரிவாயு ஏன் உடனே நிற்கவில்லை என்று கேட்டேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். கோபம் இல்லை, களைப்புதான் தெரிந்தது. "எங்களுக்கும் கஷ்டம்தான். என் அம்மா வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஹீட்டரைக் குறைத்துவைத்து ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தோம்" என்றார். பொய் சொல்லவில்லை, நம்புகிறேன். ஆனால் ஹீட்டரைக் குறைப்பதும் அடுப்பை அணைப்பதும் ஒன்றில்லையே மேடம் என்று சொல்ல நினைத்தேன். பாய் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயை அம்மையார் பக்கம் தள்ளினேன்.

அம்மையார் ஊருக்குப் போய்ச் சேர்ந்த கையோடு மெயில் வந்தது. நாங்களா, அவர்களா, தேர்ந்தெடுங்கள். பாய்க்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐரோப்பா போனால் கம்பெனி முழுவதும் மூட வேண்டும். ரஷ்யா போனால் ஒரு லைன். "எழுதிடு. நிறுத்திட்டோம்னு எழுதிடு" என்றார். "அப்பிடியே அந்தப் பொம்பளைங்களுக்கு வேல கேளு. நல்லா அழுத்திக் கேளு. உனுக்குத்தான் வாய் ஜாஸ்தியாச்சே."

அழுத்தித்தான் எழுதினேன். உங்கள் பேச்சை மதித்து நிறுத்திவிட்டோம், அதனால் வேலை இழப்பவர்கள் இன்னார், எதற்கும் சம்பந்தமில்லாதவர்கள், அவர்களுக்குக் கொஞ்சம் வேலை ஒதுக்குங்கள் என்று. ஒரு இடத்தில்கூட கேலி இல்லை. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை.

அந்த லைனின் சூப்பர்வைசர் அம்மாவும் ஒடுகத்தூர் பக்கம்தான். தினமும் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"பதில் வந்துச்சா சார்?"

"வரும்மா. அவங்க ஊர்ல மெயிலுக்கும் குளிரும் போல."

"உங்களுக்கு எல்லாமே ஜோக்கு."

ஒருநாள் வந்தது. இரண்டே வரி. ரஷ்ய வேலையை நிறுத்தியதற்குப் பாராட்டுகள். தற்போது கூடுதல் ஆர்டர் தர இயலாது, உங்கள் புரிதலுக்கு நன்றி.

சூப்பர்வைசர் அம்மா நின்றுகொண்டிருந்தார். தமிழில் சொன்னேன்.

"புரிதலா? யாருக்கு சார் புரிஞ்சிது?" என்றார். "எனுக்கு ஒன்னும் புரியல. அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினாங்க. அதுக்கு நாங்க இன்னா பண்ணோம்?"

"எனக்கும் புரியலம்மா."

"அப்ப அதயே வந்து சொல்லுங்க. நான் போய்ச் சொன்னா, நான்தான் வேணாம்னு நிறுத்திட்டேன்னு நெனப்பாங்க. நீங்க வாங்க."

போனேன். கடைசி பூட்ஸ்கள் மேஜையில் இருந்தன. சூப்பர்வைசர் அம்மா கையைத் தூக்கியதும் மெஷின்கள் ஒன்றொன்றாக நின்றன. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தாலே சிரித்துப் பழகியவர்கள், இப்போதும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறேன் என்று இரண்டு மூன்று பேர் முன்கூட்டியே சிரித்தார்கள். ஐரோப்பாவில் தொடங்குவதா ரஷ்யாவில் தொடங்குவதா என்று தெரியாமல், "திங்கக்கெழமையிலருந்து பஸ் வராதும்மா" என்று சொன்னேன்.