திராட்சைத் தொட்டிக்குள் இறங்க முன்

1996 புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, டன்டாஸ் வீதியின் மேற்குப் பக்கம் இருக்கும் போத்துக்கீசர் வீடொன்றுக்குப் போனேன். வைன் செய்வதைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் பார்க்கப் போனது ஒரு சம்பந்தம். எங்கள் குடும்பத்தின் முதல் எஞ்சினியர், என் பேரன் குகன், லூசியா என்ற பிள்ளையை விரும்பியிருந்தான். அம்மம்மா பார்த்துச் சொல்லட்டும் என்று மகளும் மருமகனும் முடிவை என்னிடம் விட்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன் என்றாலும் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்புண்டு.

நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் ஒன்பது மணிக்குக் குகனோடு ஸ்டீல்ஸ் பஸ் ஏறினேன். ஃபிஞ்சில் சப்வே, புளோரில் மாறி மேற்கே டஃபரின், பிறகு தெற்கே இன்னொரு பஸ். இரண்டு டொலர்தான், மாறி ஏறத் தரும் ட்ரான்ஸ்பர் துண்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கார் எடுத்துப் போகாதீர்கள், அந்த ஒழுங்கைகளில் நிறுத்த இடமில்லை.

தகப்பன் இல்லாத வீடு. லூசியாவின் தமையன் மனுவல்தான் பொறுப்பு. கட்டிடவேலை செய்கிறவர், ஆள் வாசல் நிலையளவு. கலிபோர்னியாவில் இருந்து லொறியில் வந்த கறுப்புத் திராட்சையை கராஜுக்குள் பெரிய மரத்தொட்டியில் கொட்டி, சுற்றம் எல்லாம் ஏறி மிதிக்கிறது. சாப்பிடும் சாமானைக் காலால் மிதிப்பதா என்று எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. மெஷினில் அரைத்தால் விதையும் நொறுங்கிக் கசக்குமாம். காலுக்கு விதை உடையாது என்று மனுவல் சொன்னதைக் குகன் தமிழில் சொன்னான். அது நியாயம்.

அவர்கள் ஊர் டோரு ஆற்றங்கரை. சாறு முழுக்கப் புளித்தால் இனிப்பில்லாத வைன், சாப்பாட்டோடு குடிப்பது. பாதி புளிக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்தினால் இனிப்பு அப்படியே நிற்கும், அதுதான் போர்ட். பனையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவி நாங்கள் புளிக்காத கருப்பணி எடுப்பதும் இதே விஷயம்தானே. சின்னப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்தால் சிவப்பு வெளிறித் தேன் நிறமாகுமாம்.

பிறகு மனுவல் எனக்குக் கை நீட்டினார், தொட்டிக்குள் வரச்சொல்லி. குடும்பம் என்று நினைப்பவர்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கை இறங்கியது, மனிதரின் முகமும் இறங்கியது. லூசியா நிலத்தைப் பார்த்தாள்.

“அம்மம்மா, உங்களுக்கு விருப்பமில்லையோ?” என்றான் குகன். அவன் கேட்டது தொட்டியைப் பற்றி இல்லை.

“அதில்லையடா. குளிருக்கு முழங்கால் தொடக்கம் பாதம் மட்டும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டெல்லோ வந்தனான். உவையின்ர வைன் பழுதாப் போகும்.”

குகன் சொன்னதும் மனுவல் சிரித்து, ஒரு வாளி சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு வந்தார். கதிரையில் என்னை இருத்தி, நிலத்தில் குந்தி, என் காலை இழுத்துத் தன் தொடையில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். எனக்குக் கூச்சம். “இன்னும் வழுக்குது, நல்லாத் தேய்க்கச் சொல்லட்டோ?” என்று குகன் பகிடி விட்டான்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் கலியாணத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பொம்பிளையின் சகோதரன் கால் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவான். இந்த மனிதருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியுமே. என் மோதிரத்தைக் கழற்றி அவருடைய நனைந்த கைக்குள் வைத்தேன். அவர் பதறித் திருப்பி நீட்டினார்.

“தம்பி, திருப்பித் தரக்கூடாதெண்டு அவருக்குச் சொல்லு,” என்றேன். குகன் மனுவலின் விரல்களை மோதிரத்தின் மேல் மடித்து மூடினான். அவன் கண் கலங்கியிருந்தது.

பிறகு சேலையை உயர்த்திச் செருகிக்கொண்டு இறங்கினேன். பழம் ஐஸ் மாதிரிக் குளிர்.

போக விரும்புகிறவர்கள் புரட்டாதிக் கடைசியில் போங்கள். ஐப்பசி நடுவில் மிதிப்பு முடிந்துவிடும். பழைய உடுப்பு உடுங்கள், கறை போகாது. குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். காலில் எண்ணெய் மட்டும் வேண்டாம். சம்பந்தம் பார்க்கப் போகிறவர்கள் என்றால் தாராளமாகப் பூசிக்கொண்டு போங்கள்.