கடை வழியாக வந்த மாப்பிள்ளை

மடவார் வளாகத்துப் பலசரக்குக் கடையில் நேற்று மல்லி நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணத்தோடு உள்ளிருந்து சோறு வடிக்கிற வாசனையும் வந்தது. பின்னால் வீடு.

வ. புதுப்பட்டியில் எங்கள் வீடும் அப்படித்தான். வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. விருந்தாளியும் வைத்தியரும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவேதான் உள்ளே வரவேண்டும். அப்படியொரு கட்டட வரைபடம் அனுமதி கேட்டு என் மேசைக்கு வந்திருந்தால், விதி எண்ணைக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்; ஓய்வு பெறும்வரை அதுதான் என் உத்தியோகம். அடுப்படிச் சுவரில் கடையைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல், அப்பாவுக்குக் காபி நீட்டுவதற்காக. அதற்கும் எந்த விதியிலும் இடமில்லை.

என் சின்ன வயதில் அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள்; இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்று சொல்லியிருந்தாள். மூன்றாமவரையும் மறுத்தால் இனி அவளிடம் கேட்கப்போவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

மூன்றாம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்ததும் அப்பா பெரியவர்களை உள்ளே அழைத்துப் போனார். செருப்பைக் கழற்றுவதற்காக மாப்பிள்ளை பின்தங்கினார். அப்போது கடைக்கு வந்த கிழவி அவரைக் கடைக்காரர் என்றே நினைத்துவிட்டாள்.

"ஏலே, கால் கிலோ மல்லி போடு. எம்புட்டு நேரமா நிக்கேன்!"

பட்டு வேட்டியோடு அவர் தராசைத் தூக்கினார்.

"தூசி கெடக்கு பாரு, புடைச்சுப் போடுலே."

"சரி ஆச்சி, செத்தப் பொறுங்க."

ஜன்னல் வழியாக நானும் அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மாப்பிள்ளை கடையிலேயே நின்றுவிட்டது தெரியாமல் அப்பா அடுப்படிக்கு வந்தார். "ஏட்டி, காபியைக் கொண்டா. அவரைப் பாத்துட்டு ஒன் முடிவைச் சொல்லு."

"பாத்தாச்சுண்ணே, சம்மதம். மொதல்ல போயி அவிய கையில இருக்க தராசை வாங்குங்க."