ஒரு தட்டுக்கு ஒரு வரி

பந்தல்குடி சாலையில் ஒரு லோடு லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தபோது செய்தி வந்தது. நண்பர் சண்முகவேலின் மைத்துனர் பேசினார். "மச்சான் தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறோம். வந்துருங்க." அடப்பாவி, பொங்கல் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் தோன்றியது.

நானும் சண்முகவேலும் ஒருவரையொருவர் 'மாப்ளே' என்று கூப்பிட்டுக்கொள்பவர்கள். ஏசிக்கொள்வதும் ஒருமையில்தான். எழுத்துக்காக இங்கே 'அவர்' என்கிறேன். படித்திருந்தால் சிரித்திருப்பார்.

திருச்சுழிப் பக்கம் ஒரு சிற்றூரில், வீட்டிலிருந்தபடியே கணினி வேலை பார்த்தவர். நண்பர்கள் சிலர் சேர்ந்து, கண்மாய், கிணறு, ஆடு, மாடு என்று இந்தப் பக்கத்துச் சங்கதிகளை யார் வேண்டுமானாலும் எழுதும்படி ஒரு விக்கித் தளம் நடத்துகிறோம். தட்டச்சு செய்ததைப் பக்கமாக மாற்றித் தரும் பார்சர் என்ற நிரல் அவர் எழுதியது. வழக்கமான விக்கி விதியையே வைத்திருந்தார். எண்டரை ஒருமுறை தட்டினால் அடுத்த வரி முந்தைய வரியோடு சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டால்தான் புதுப் பத்தி.

நரிக்குடியில் ஆடு வளர்க்கும் பஞ்சவர்ணம், ஆட்டு நோய்களைப் பற்றிப் போனில் வரிவரியாகத் தட்டி அனுப்பினார். எல்லோரும் எழுதுவதுபோல, தலையில் தனி வரியில் பிள்ளையார் சுழி 'உ'. தளத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பத்தி. அந்த அம்மாள் சண்முகவேலைப் போனில் பிடித்துக்கொண்டார். "என்னண்ணே, பிள்ளையாரக் கொண்டுபோயி ஆட்டுக் கழிச்சலோட ஒட்டி வச்சிட்டீக?"

அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சண்முகவேல். ஆனால் அந்த அம்மாள் அதற்குப் பிறகு எழுதவே இல்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

காலி வரி விடச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றோம். "அவுக எதுக்குலே பழகணும்? நம்ம புரோகிராமு பழகட்டும்" என்றார்.

மாற்றுவதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. பழைய பக்கங்கள் பல, அச்சுப் பிரதிகளிலிருந்து வெட்டி ஒட்டியவை; அச்சில் வரி மடங்கிய இடத்திலெல்லாம் ஓர் எண்டர் இருக்கும். விதியை மாற்றினால் அவற்றின் வாக்கியங்கள் பாதியில் முறிந்து தொங்கும். ஆகவே புதுப் பக்கங்களுக்கு மட்டும், ஒரு தட்டுக்கு ஒரு வரி என்று புது விதி எழுதினார். டயாலிசிஸுக்கு மதுரை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது அது. "காரியாபட்டி வந்துட்டேன் மாப்ளே. அங்க போயி ஊசி குத்திட்டா ஒத்தக் கையிதான். அதுக்குள்ள பாத்துச் சொல்லு" என்பார்.

குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சோதித்துவிட்டு, பொங்கல் கழித்துத் தளத்தில் ஏற்றலாம் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். அவரும் மறுக்கவில்லை. "அந்தம்மா மறுபடி எழுதுறத ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும்" என்றார்.

எடுத்த மறுநாள் ஏற்றினோம். பஞ்சவர்ணத்துக்கு நானே போன் போட்டு, சண்முகவேல் தவறியதையும் புது விதியையும் சொன்னேன். சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு பக்கம் வந்தது.

சம்முகவேலு அண்ணே
ஒரு தடவதான் தட்டுனேன்
வரி நிக்குது

வந்து பாருங்க

தலையில் 'உ' இல்லை. துக்கத்துக்கு யாரும் போடுவதில்லை.

இதைப் பார்க்காமல் போய்விட்டாயே, மாப்ளே.