அக்கா செத்துப்போன வெள்ளிக்கிழமை

என் அப்பா அழுது நான் முதன்முதலாகப் பார்த்தது, தொலைக்காட்சியில் ஒரு லாரி வந்து மோதிய அன்றுதான்.

அதுவரை அவர் அழுகிற ஆளே இல்லை. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வெட்டு மேசையின் முன்னால் நின்றே வாழ்நாளைக் கழித்தவர். என் கல்யாணம் முடிந்து நான் கிளம்பும்போது அம்மா என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அப்பா வண்டிக்காரரிடம், சயான் பக்கம் போகாதே, இந்நேரம் அங்கே டிராஃபிக்காக இருக்கும் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

மூட்டு வலி வந்து வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே உட்கார வேண்டியதாயிற்று. எங்கள் வீடு, வரிசையாக அறைகளும் பொது வராந்தாவும் உள்ள ஒரு சால் கட்டடத்தின் மேல்மாடியில் ஒற்றை அறை. அதில் அம்மா ஒரு மூலையில் நாடகம் பார்க்க, அப்பா இன்னொரு மூலையில் பேப்பர் படிப்பார். படிப்பார் என்றால், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நாடகத்தைக் கிண்டல் செய்வார். பட்டுப் புடவையோடு படுத்துத் தூங்குகிற மருமகள்கள், ஒரு கதவைத் திறக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்கிற மாமியார்கள் என்று அவருக்கு விஷயத்துக்குப் பஞ்சமில்லை. அம்மா ரிமோட்டை எடுப்பாள். சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

அவரை மாற்றியது எட்டு மணி நாடகம். அதில் ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவள். சின்ன ஊரில் மெஸ் நடத்தி, இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் ஆளாக்கி, தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளாதவள். கதை பழையதுதான். ஆனால் அந்த நடிகை அழவே மாட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கரண்டியோடு, ஊரையே ஒரு வாங்கு வாங்குவாள். சாப்பிட்டுவிட்டுச் சரியில்லை என்கிறவனிடம், “அப்ப ஏன் மூணாவது தடவ சோறு கேட்ட?” என்பாள். முதன்முதலாக அப்பா சிரித்தது அதற்குத்தான். அதற்குப் பிறகு பேப்பர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஒருநாள் பார்த்தால் மடித்து அலமாரி மேல் இருந்தது.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. பகலில் அவளை அம்மாதான் பார்த்துக்கொள்வாள். நான் ஆபீஸ் முடிந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு திலக் நகரில் இருக்கும் என் புகுந்த வீட்டுக்குப் போவேன். அநேகமாக எட்டு மணி நாடகத்துக்கு நடுவில்தான் போய்ச் சேருவேன். அப்பா வாசலைப் பார்க்காமலே உட்காரச் சொல்லிக் கைகாட்டுவார். விளம்பரம் வரும்போதுதான் சௌக்கியம் விசாரிப்பார். சில நாள் திரையைப் பார்த்தே பேசுவார். சின்னத் தம்பி பொய் சொல்கிறான், நம்பாதே என்று அந்த அக்காவுக்கு அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அந்த நடிகைக்குச் சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டது, நாடகத்திலிருந்து விலகப் போகிறாள் என்று ஒரு சேதி அம்மாவின் போனுக்கு வந்தது. அம்மா அதை என்னிடம் மட்டும் காட்டினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை என்றாள். ஏதோ டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை மறைத்து வைத்தவள் மாதிரி அந்த வாரம் முழுக்க அவருக்குப் பிடித்த மீன் குழம்பாக வைத்தாள்.

லாரி திங்கட்கிழமை கிளம்பியது. செவ்வாய்க்கிழமை அதன் பிரேக் போனது. புதன்கிழமை அக்காவுக்கு ஒருவழியாக மாப்பிள்ளை அமைந்து, தம்பிகள் தாம்பூலம் மாற்றினார்கள். வியாழக்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று சாலையின் நடுவில் பந்து எடுக்கப் போனது. லாரி வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை.

நான் மாடி ஏறி வரும்போது வீட்டில் பேச்சே இல்லை. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் போனாள். என் மகள் தரையில் உட்கார்ந்து ஒரு தம்ளருக்குள் இன்னொரு தம்ளரைச் செருகிக்கொண்டிருந்தாள். அப்பாவைக் காணோம். அவர் வெளியே பொது வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான்தான் கவனிக்காமல் அவரைத் தாண்டி வந்திருக்கிறேன். தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

“அம்மா, அப்பாவுக்கு என்ன?”

“அக்கா போயிட்டாட்டி,” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் முந்தானையை எடுத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டு மௌஷிக்குப் புரியவில்லை. மௌஷி என்றால் மராத்தியில் சித்தி. சாத்தாரா பக்கத்து அம்மாள், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களுக்கு அடுத்த கதவு. அந்த நேரத்தில் துவைத்த துணியை எடுக்க வராந்தாவுக்கு வந்திருக்கிறாள். அப்பா அழுவதை அவளும் அன்றுதான் முதலில் பார்க்கிறாள். என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டிருக்கிறாள். அப்பா, அக்கா போயிட்டா என்பதை அப்படியே இந்தியாக்கி, “பெஹன் சலி கயி,” என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்கு நிஜமாகவே ஒரு அக்கா உண்டு. நவி மும்பையில், நெருளில் இருக்கிறாள். தாய் இறந்த பிறகு அப்பாவை வளர்த்தது அவள்தான். கல்யாணமாகி பம்பாய் வந்ததும் தம்பியையும் கூட்டிவந்து பட்டறையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அத்தைக்கும் கறாரான வாய். அவளும் புடவைத் தலைப்பைச் செருகித்தான் நிற்பாள். அந்த அத்தையோடு எங்கள் வீட்டுக்குப் பேச்சு நின்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. காரணம் என் கல்யாணப் பத்திரிகை. அப்பாவுக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. நேரில் போய் வைக்க முடியாமல் கூரியரில் அனுப்பிவிட்டு, போனில் சொன்னார். கூடப் பிறந்தவளுக்குப் பத்திரிகை தபாலில் வருமா என்று கேட்டு அத்தை போனை வைத்தாள். கல்யாணத்துக்கு வரவில்லை. வரவில்லையே என்று அப்பாவுக்குக் கோபம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு.

இதெல்லாம் மௌஷிக்குத் தெரியும். அதனால் அவள் ஒன்றும் கேட்காமல் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தாள். டிவியை அணைத்தாள். அம்மா தடுப்பதற்குள் அடுப்பையும் அணைத்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதாம். பிறகு காணாமல் போனவள், திரும்பி வரும்போது ஒரு பாத்திரம் நிறையப் பிட்லாவும் ஒரு தட்டில் சோள ரொட்டியும் கொண்டுவந்தாள். கடலை மாவில் செய்யும் கெட்டிக் குழம்பு அது. அவர்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொடுப்பார்களாம். அவளுடைய புருஷனும், கீழ்வீட்டு டெய்லரும் வந்து சுவரோரமாகக் கைகட்டி உட்கார்ந்தார்கள். எப்போது எடுக்கப் போகிறார்கள், வண்டி சொல்லியாகிவிட்டதா என்று டெய்லர் மெல்ல என்னிடம் கேட்டார்.

நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இதற்குள் விளங்கிவிட்டது என்பது அவர் காது சிவந்திருந்ததில் தெரிந்தது. ஆனால் இத்தனை பேரை உட்கார வைத்துவிட்டு நாடகத்துக்காக அழுதேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்லுவான்? அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. மௌஷி அதையும் அழுகை என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தாள். உயிரோடு இருக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு இப்போது அழுது என்ன பயன் என்று அப்பாவை மென்மையாகக் கடிந்துகொள்ளவும் செய்தாள்.

அந்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. டிவிக்குப் பக்கத்தில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். திரையில் வந்த பெயரை இரண்டு முறை படித்தேன். யார் என்று மௌஷி கேட்டாள்.

“நெருள் அத்தை,” என்றேன்.

மௌஷியின் கையிலிருந்த கரண்டி பிட்லாவுக்குள் விழுந்தது. டெய்லர் எழுந்து நின்றுவிட்டார். நான் போனை அப்பாவிடம் கொடுக்கும்போது பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன். அத்தையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நான்கு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறோம். அழுது அழுது கம்மிப்போன குரல்.

“ஏல, பாத்தியா? கொன்னுட்டானுவளேல.”

அப்பா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“பாத்தேங்க்கா,” என்றார். “எழுதினவனுக்கு அக்கா தங்கச்சி கெடையாதாக்கா?”

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையில் விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார்கள். அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் மௌஷிக்கு விஷயத்தை இந்தியில் சொன்னேன். லாரி, பள்ளிக்கூடப் பிள்ளை, சினிமா வாய்ப்பு எல்லாம். அவள் முதலில் என்னை முறைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அவளுடைய புருஷன், போன மாதம் இவளும் ஒரு மராத்தி நாடகத்தில் யாருக்கோ இருதய நோய் வந்ததற்கு விரதம் இருந்தாள் என்று போட்டுக்கொடுத்தார். டெய்லருக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை. அத்தை போனில், அங்கே என்னலே சத்தம் என்று அதட்டினாள். நீ செத்துவிட்டாய் என்று பக்கத்து வீட்டில் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். நானா என்று கேட்டாள். அப்புறம் அத்தையும் சிரித்தாள். ரொட்டியை வீணாக்காதே என்றாள்.

வீணாக்கவில்லை. எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து பிட்லாவும் ரொட்டியும் சாப்பிட்டோம். அம்மாவின் மீன் குழம்பும் பங்கிடப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நெருளுக்குப் போனோம். ஹார்பர் லைனில் வழக்கம்போல மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். ரயில் வரட்டும் என்று காத்திருக்க அப்பாவுக்குப் பொறுமையில்லை. செம்பூரில் பஸ் பிடித்தோம். முழங்காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் மடியில் ஒரு பெரிய பை இருந்தது. என்னவென்று கேட்டதற்குச் சொல்லவில்லை.

அத்தை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் வைத்தே அம்மா பையைப் பிரித்தாள். உள்ளே ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மாட்டுங்காவில் வாங்கிய மல்லிகைப்பூ. எல்லாவற்றுக்கும் மேலே என் கல்யாணப் பத்திரிகை. மிச்சமிருந்த ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்திருக்கிறாள். அப்பா தட்டை இரண்டு கையாலும் பிடித்து அத்தையிடம் நீட்டினார்.

“அக்கா, மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்,” என்றார்.

அத்தை முகத்தில் சிரிப்பில்லை. முறைப்படி தட்டை வாங்கினாள். குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை மேலிருந்து கீழ் வரை படித்தாள். தன் பெயர் போட்டிருக்கிறதா என்று பார்த்திருப்பாள். போட்டிருந்தது, அத்தைமார் வரிசையில் முதலாவதாக. பிறகு நிமிர்ந்து, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

“எட்டி, கல்யாணப் பொண்ணு இப்பிடியா வந்து நிப்பா?” என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் என் மகள் பயந்து அழுதாள். அத்தை அவளை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று பூரா இறக்கிவிடவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு ஒரு சந்தேகம் இருந்தது போல. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

“ஏல, நான் செத்தாலும் இப்பிடி அழுவியாலே?”

“நீ மொதல்ல செத்துப் போ. பொறவு பாப்போம்,” என்றார் அப்பா.

அத்தை வெற்றிலைக் காம்பை அவர் மேல் விட்டெறிந்தாள். அம்மா சிரிப்பதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா காம்பைச் சட்டையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, நாடகத்தில் அந்த லாரி டிரைவரை ஏன் யாரும் பிடிக்கவில்லை என்று தொடங்கினார். அத்தைக்கு அதில் உறுதியான கருத்து இருந்தது. பெரிய தம்பியின் மனைவிதான் பிரேக்கைக் கழற்றச் சொன்னாள் என்றாள்.

அந்த நாடகம் இன்னும் ஓடுகிறது. அக்காவின் படத்துக்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். மெஸ்ஸைத் தங்கை நடத்துகிறாள். அவளுக்குக் கரண்டி பிடிக்கவே தெரியவில்லை என்பது அப்பாவின் அபிப்பிராயம், போகப் போகப் பழகிவிடுவாள் என்பது அத்தையின் அபிப்பிராயம். இருவரும் தினமும் எட்டு மணிக்கு ஸ்பீக்கரில் போனைப் போட்டுக்கொண்டுதான் பார்க்கிறார்கள். நெருளில் ஒரு நொடி தாமதமாக வருகிறது. அதனால் ஒவ்வொரு வசனமும் எங்கள் வீட்டில் இரண்டு முறை கேட்கிறது. எந்த வசனத்தையும் முழுசாகக் கேட்க முடியவில்லை என்று அம்மா என்னிடம் புகார் சொல்கிறாள். பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் கிண்டல் செய்கிறாள்.