தூங்குமூஞ்சியின் தப்புக் கனவுகள்

என் அண்ணனுக்கு வீட்டில் தூங்குமூஞ்சி என்று பெயர். சின்ன வயதில் நான் வைத்ததுதான். நின்றால் தூங்குவான், உட்கார்ந்தால் தூங்குவான், முடி வெட்டிக்கொள்ளப் போனால் கத்தரிக்கோல் சத்தத்திலேயே சொக்கிப்போவான். தூக்கத்தில் பேசவும் செய்வான். என்னைவிட மூத்தவன், ஆனாலும் எனக்கு அவன் ‘அவன்’தான். பதிலுக்கு அவன் எனக்கு ஊசி என்று பெயர் வைத்தான். நான் தையல்காரி என்பதால் இல்லை, என் வாய் அப்படி என்பதால்.

இப்பேர்ப்பட்டவனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள், ராத்திரி வேலை. பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறான். பகலெல்லாம் ஓடிக் களைத்த பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். தடித்த குழாயில் தண்ணீர் பீய்ச்சி, நீளக் கம்பு வைத்த பிரஷால் நுரை தேய்த்து, உள்ளே ஏறிப் பெருக்கி, கண்ணாடி துடைத்து முடிக்க விடிந்துவிடும். சீட்டுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் ஒரு கூடையில் போட்டு ஆபீசில் கொடுப்பான். குடை, ஒற்றைச் செருப்பு, குழந்தையின் சாக்ஸ், ஒருமுறை ஒரு முழுப் பல்செட். பல்லை விட்டுவிட்டுப் போனவர் வீட்டில் போய் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தான். காலையில் வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருக்கும், மேலெல்லாம் சோப்பு வாசனை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் விழுவான்.

எங்கள் வீடு ஒரே ஒரு நீள அறை. நடுவில் ஒரு திரை. தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு நானே தைத்தது. பூப்போட்ட துணி, கோடு போட்ட துணி, நடுவில் யாருடையதோ ஒரு சட்டைப் பைகூட உண்டு. அண்ணன் அதில் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வான். திரைக்கு அந்தப் பக்கம் அவன் கட்டில். இந்தப் பக்கம் ஜன்னலோரம் என் மெஷின், அதற்கு எதிரே ஒரு மேஜை. அந்த மேஜைதான் என் மருமகளுடைய பள்ளிக்கூடம்.

மருமகள் என்றால் அண்ணன் மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள், இன்னும் சிட்டுதான். அவளுக்குப் பேச்சு திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஒருநாள் பள்ளியில் அவளை எழுப்பி உரக்கப் படிக்கச் சொன்னார்கள். ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பு சிரித்தது. யாரோ ஒருத்தி அதே மாதிரி பேசிக் காட்டினாள். அதோடு விட்டிருந்தால் சரி. படிக்கட்டில், வாசலில், பஸ் நிறுத்தத்தில் எல்லா இடத்திலும் அந்த விளையாட்டு தொடர்ந்தது. ஒருநாள் காலை சிட்டு பையைத் தூக்கவில்லை. வீட்டிலும் வாயைப் பூட்டிக்கொண்டாள். ஆமாம் என்றால் தலை, இல்லை என்றால் தலை.

அண்ணி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசாரித்து, முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே நடக்கும் பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தாள். அங்கே கேள்விக்கு டைப் அடித்துப் பதில் சொல்லலாம். யாரும் யாரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. ஆனால் ஒன்று, வருடக் கடைசியில் மைக்கைத் திறந்து வாயால் பதில் சொல்லும் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால் அடுத்த வகுப்பு இல்லை.

“அதெல்லாம் அப்ப பாத்துக்கலாம்” என்றாள் அண்ணி. சிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அந்தப் பரீட்சை வரும்போது படிப்பை விட்டுவிடுவாளாம், அத்தைகூட உட்கார்ந்து பட்டன் தைப்பாளாம். என் பிழைப்பு எனக்குக் கேவலம் இல்லை. பேசப் பயந்து ஒருத்தி அதில் வந்து ஒளிந்துகொள்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்ததும் வீடே பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நடந்தது. டீச்சர் கேள்வி கேட்டால் என் மெஷின் நிற்கும். குக்கர் விசில் அடிக்கக்கூடாது. திரை தெரியாமல் வெறும் சுவர் மட்டும் தெரிகிறபடி லேப்டாப்பைத் திருப்பி வைத்தோம். அண்ணன் தூக்கம் கெடக்கூடாது என்று சிட்டு முதல் நாள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டாள். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அதை எடுத்துடும்மா. சத்தமா வை. எனக்கு டிப்போ பழக்கம், சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும்.”

“இவனுக்குத் தாலாட்டு கேக்குது” என்றேன் நான். இயர்போன் மேஜை டிராயருக்குள் போனது.

குறட்டைக்குத்தான் பயந்தோம். முதல் சில நாள் கேட்கவும் செய்தது. அப்புறம், ஆச்சரியம், வகுப்பு நேரத்தில் குறட்டையே வரவில்லை. ஒருக்களித்துப் படுக்கப் பழகிவிட்டான் என்று அண்ணி மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் எழுந்து வேலைக்குக் கிளம்புமுன் தலை கலைந்தபடி டீயோடு உட்காருவான். பள்ளி தொடங்கிய புதிதில் ஒருநாள், “ஊசி, இன்னிக்கு ஒரு கனவுடி” என்றான். டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்க ஒரு குழி உண்டு. அந்தக் குழிக்குள் படிக்கட்டு இறங்குகிறதாம். இவன் விளக்கோடு இறங்கினானாம். மண், பாறை, அப்புறம் இன்னொரு பாறை. பூமிக்கு நட்டநடுவே போனால் அங்கே ஒரு பெரிய குளம், தண்ணீர் ஜில்லென்று இருந்ததாம். ஒரு பஸ் அதில் மிதந்ததாம்.

“இ... இல்லப்பா” என்று ஒரு குரல் கேட்டது. சிட்டு. “கீழ போகப் போக சூ... சூடுதான் கூடும். நடுவுல ரொம்பச் சூடு.”

அண்ணி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிட்டு வாய் திறந்து பேசியது அதுதான். அண்ணன் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி டீயை உறிஞ்சினான். “அப்படியா? எனக்கு ஜில்லுனுல்ல இருந்துச்சு.” அவள் விடவில்லை. பூமிக்குள் எத்தனை அடுக்கு, எது உருகியது, எது கெட்டி என்று திக்கித் திக்கி முழுப் பாடத்தையும் சொல்லி முடித்தாள். அன்று காலை நடந்த பாடம்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பகலில் டீச்சர் குரல் மழை மாதிரி பெய்துகொண்டே இருக்கும். ஜன்னல் வெயில் ஒட்டுத் திரைமேல் ஏறி, பூவைத் தொட்டு, கோட்டைத் தொட்டு, சட்டைப் பைக்குள் இருக்கும் கண்ணாடியில் ஒரு கணம் மினுங்கிவிட்டு இறங்கும். மெஷினில் கால் வைத்தபடியே நானும் சில நேரம் எங்கோ போய்விடுவேன். பாலைவனம், பனிமலை, கடல் தாண்டிப் போகும் பறவைகள். எல்லாம் எங்கள் ஒற்றை அறைக்குள் வந்துபோயின. சாயங்காலமானால் அவையே அண்ணன் வாயில் தாறுமாறாக வெளியே வரும். மரத்தில் ஏறி ஒவ்வொரு இலையையும் பஸ் ஜன்னல் மாதிரி துடைத்தானாம். ஒவ்வொரு இலைக்குள்ளும் ஒரு ஆள் ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு சமையல் செய்தானாம். “ராத்திரி இலை ச... சமைக்காதுப்பா, வெயில் வேணும்” என்று சிட்டு தலையில் அடித்துக்கொள்வாள். பறவைகள் குளிரைத் தேடிப் பறந்தனவாம். அவள் சிரித்தேவிட்டாள்.

“வகுப்புல தூங்கற பிள்ளைங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். தூக்கத்துல வகுப்புக்குப் போறவன் நீ ஒருத்தன்தான். போயும் ஒண்ணும் உருப்படியாக் கத்துக்கல” என்பேன். அவன் சிரித்துக்கொண்டு சட்டையை மாட்டிக் கிளம்புவான். சிட்டு பேசுவது அந்த டீ நேரத்தில் மட்டும்தான். அவன் வாசலைத் தாண்டினால் மறுபடியும் தலையாட்டல்.

பரீட்சை நெருங்கியபோது டிப்போவில் ஒரு கூத்து நடந்தது. விடியற்காலை பஸ்ஸுக்குள் பெருக்கப் போனவன் கடைசி சீட்டில் சாய்ந்திருக்கிறான். கண் விழித்தபோது பஸ் ஊரின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்தது. கையில் துடைப்பத்தோடு சுற்றிலும் பயணிகள். ஒரு பள்ளிப் பிள்ளை, டிக்கெட் வாங்கியாச்சா என்று கேட்டதாம். மேற்பார்வையாளர் இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று எச்சரித்து அனுப்பினார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். “பகலெல்லாம் தூங்கறே, ராத்திரியும் தூங்கறே. எப்பதான்டா முழிச்சிருப்பே?” அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ராத்திரி வேலை ஆளை உரிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை நாள் வந்தது. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. வீட்டுக்கே ஒரு அறைதான். தூங்குகிறவனை எங்கே தூக்கிப் போட? அண்ணி வேலைக்குப் போய்விட்டாள். நான் படிக்கட்டில் போய் உட்காருவதாகச் சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் கேமராவுக்குத் தெரியாத மூலையில், திரையை ஒட்டி நின்றுகொண்டேன்.

பரீட்சை எடுத்தது வயதான ஒரு அம்மாளின் குரல். கறாரான குரல். “கடற்கரையில பகல்ல ஒரு பக்கமா காத்து வீசுது, ராத்திரி மாறி வீசுது. எப்படி மாறுது, ஏன் மாறுதுன்னு சொல்லும்மா.”

சிட்டுக்குத் தெரியும். எனக்கே தெரியும். அவள் வாயைத் திறந்தாள். முதல் எழுத்து தொண்டையில் நின்றுகொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. “அவசரமில்ல” என்றது குரல். நேரம் போனது. அவள் கை கீபோர்டுக்குப் போனது. “டைப் பண்ணக்கூடாதும்மா. பேசணும்.” கை அங்கிருந்து நகர்ந்தது, லேப்டாப்பின் மூடியைப் பிடித்தது. மூடப்போகிறாள். பட்டன் டப்பா, ஊசி, நூல், அவள் குனிந்த தலை, எல்லாம் என் கண்முன் வந்துவிட்டன.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து தூக்கக் குரல் எழுந்தது.

“ராத்திரில... கடல்லேர்ந்து காத்து வருது... பஸ்ஸெல்லாம் ஜில்லுனு நிக்குது... கடல்தான் சீக்கிரம் ஆறுது...”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அப்பன் வாயால் பிள்ளை கெடுகிறதே என்று நான் திரையை விலக்கிக்கொண்டு அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் சிட்டு, மூடியை விட்டுவிட்டு, தினமும் டீ நேரத்தில் திரும்புகிற மாதிரியே திரும்பினாள்.

“இல்லப்பா. ப... பகல்லதான் கடல்லேர்ந்து வரும். ராத்திரி நி... நிலத்துலேர்ந்து கடலுக்குப் போகும். நிலம்தான் சீக்கிரம் சூ... சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் மெதுவா.”

நான் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் கண் திறந்திருந்தது. தூக்கத்தின் சாயலே இல்லாமல், அகலமாக. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவசர அவசரமாக ஒரு குறட்டை விட்டான்.

“அறையில யாரு?” என்றது கறார்க் குரல்.

“எ... எங்கப்பா. ராத்திரி வேலை. தூ... தூங்கறார். எங்க வீட்டுல ஒரு ரூம்தான்.”

நான் திரைத்துணியைக் கசக்கிக்கொண்டு நின்றேன். பிறகு அந்தக் குரல் சிரித்த மாதிரி இருந்தது. “பரீட்சையில பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுப்பாங்கன்னுதான் யாரும் இருக்கக்கூடாதுங்கறோம். தப்பாச் சொல்லிக்கொடுக்கறதுக்கு எந்த விதியும் இல்ல. அவர்கிட்ட சொன்னதை எனக்கும் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி.”

நேரம் ஆகத்தான் ஆனது. திக்கினாள், நின்றாள், மறுபடி தொடங்கினாள். முழுதும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவனைப் படிக்கட்டில் மடக்கினேன். “எல்லாக் கனவும் பொய்தானா?”

“முதல் கனவு நிஜம், ஊசி. அப்புறம் வரவே இல்ல. கனவு இல்லேன்னா அவ பேச்சை நிறுத்திடுவாளேன்னு முழிச்சுக் கேட்டேன். எங்க தப்பு வைக்கலாம்னு பாத்துப் பாத்து வைப்பேன்.”

“எப்பண்ணா தூங்குனே?” அவனை நான் அண்ணா என்று கூப்பிட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

“வகுப்பு முடிஞ்சு கொஞ்சம். லீவு நாள்ல நிறைய.” கொட்டாவி விட்டான். “அவகிட்ட சொல்லிடாதே.”

நான் அழுதுவிட்டேன். எனக்கு அழுவது பிடிக்காது, ஆனாலும் அழுதேன். தூங்குமூஞ்சி என்று ஊரெல்லாம் நான் கேலி செய்தவன் ஒரு வருடமாகப் பகலில் சரியாகத் தூங்கவே இல்லை.

சிட்டு தேறிவிட்டாள். புது வகுப்பின் முதல் நாள், டிராயரைத் திறந்து இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். அறை அமைதியாகிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து, “சிட்டு, சத்தம் வரலியேம்மா” என்றான்.

“தூ... தூங்குப்பா” என்றாள். என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள். “அப்பாவோட நெ... நெஜக் குறட்டை எனக்குத் தெரியாதா, அத்தை?”

கொஞ்ச நேரத்தில் அந்த நிஜக் குறட்டை கேட்டது. சாயங்காலம் அவனை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் படிக்காமல் வந்த பையன் மாதிரி தலையைச் சொறிந்தான். “இன்னிக்கு ஒண்ணும் வரலம்மா.”

“ப... பரவாயில்ல. இன்னிக்கு என்ன பாடம்னு நா... நானே சொல்றேன். நீ கேளு.”

நிலவைப் பற்றிய பாடம். நிலவுக்குச் சொந்த வெளிச்சம் இல்லை என்று தொடங்கினாள். அவன் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டான். ஒரு வருடத் தூக்கம் ஒரு பகலில் தீர்ந்துவிடுமா? பாதியிலேயே தலை சுவரில் சாய்ந்தது. டிப்போவுக்கு நேரமாகிறதே என்று எழுப்பப் போனேன். இன்னும் ஐந்து நிமிஷம் என்பதுபோல் சிட்டு கையைக் காட்டி என்னைத் தடுத்தாள். பாடத்தை நிறுத்தவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டாள்.