ரெண்டு நேவியும் ஒன்றல்ல!

போன செவ்வாய்க்கிழமை ஒரு கட்டிங் மாஸ்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது... தகுதியான ஆளுக்குத்தான் கிடைத்தது!

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே துணி ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பெண் கவிதா, குண்டடத்துக்காரி. வீடியோ பார்த்தே கோடிங் கற்றுக்கொண்டு, எந்த ரேக்கில் எந்தத் துணி எத்தனை ரோல் என்று சொல்கிற ஒரு வெப் அப்ளிகேஷனைத் தானே செய்யக் கிளம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை முதலாளிக்கு டெமோ. தேறினால் ஸ்டோர் முழுக்க அதில்தான் ஓடும், பொறுப்பு கவிதாவுக்கு. சொதப்பினால் வெளியில் ஒரு ரெடிமேட் சாஃப்ட்வேர் வாங்கிவிடுவார். அவள் உழைப்பு அவ்வளவுதான்.

"ஏனுங்ணா, டேபிள் டிசைன் சரியான்னு ஒருக்கா பாத்துச் சொல்லுங்ணா" என்று, துணிக்கணக்கை வரிவரியாக அட்டவணை போட்ட பேப்பரை முந்தின வாரம் என்னிடம் நீட்டினாள். சாஃப்ட்வேர்க்காரனிடம் இப்படிக் கேட்டால் போதாதா? உடனே சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

நேவி ப்ளூ இரண்டு வரிகளில் இருந்தது. பக்கத்தில் லாட் நம்பர் என்று ஏதோ ஒரு கட்டம்.

"ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எழுதக் கூடாதும்மா. டேட்டாபேஸ்ல பாலபாடமே அதுதான்!"

"இல்லீங்ணா, அது வந்து..."

நான் எங்கே கேட்டேன்? ஒரே கோடு. இரண்டு நேவியும் ஒன்றானது. லாட் நம்பர் போயே போச்சு.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. கட்டிங் மாஸ்டர் ஜெபராஜ் அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வந்து உட்கார்ந்தார். கவிதா 'நேவி' என்று தட்டினாள். நாற்பது ரோல், மூன்றாம் ரேக். எனக்கு ஒரே பெருமை!

"எந்த லாட்டும்மா?" என்றார் அண்ணாச்சி.

கவிதா என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அவர் எழுந்துபோய் இரண்டு துண்டுத் துணிகளை எடுத்து வந்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் நேவிதான். ஆனால் ஒன்று கொஞ்சம் கறுப்படித்தது. சாயப்பட்டறையில் ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் நிறம் இப்படி ஒரு பொட்டு மாறுமாம். ஒரு தடவை ஏற்றியது ஒரு லாட்.

"உடம்பு ஒரு லாட்டு, கை ஒரு லாட்டுன்னு வெட்டித் தச்சா, வெயில்ல பளிச்சுன்னு தெரியும்லா? ஆர்டர் அப்படியே திரும்பி வந்துரும். எந்தப் புத்திசாலி இதை ஒண்ணாச் சேர்த்தது?"

புத்திசாலி கவிதா பக்கம் திரும்பினான்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கவிதா?"

"சொல்ல வந்தனுங்ணா. நீங்க கோடு போட்டுட்டீங்க. கம்ப்யூட்டர்ல இப்படித்தானாட்ட இருக்குதுன்னு உட்டுட்டனுங்..."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துணியோடு புழங்குகிறவள் அவள். அவளுக்கே தெரிந்த உண்மையை என் பாடப்புத்தக விதி அழித்திருக்கிறது!

முதல் அப்ளிகேஷன் செய்யப் போகிற நண்பர்களே, எந்த லாங்குவேஜ், எந்த டேட்டாபேஸ் என்று சண்டை போடுவது அப்புறம். அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் போய், 'நீங்க எதோட எதைக் கலக்கவே மாட்டீங்க?' என்று கேளுங்கள். டேபிளைப் பேப்பரில் வரைந்து, அவருடைய நோட்டிலிருந்தே பத்து வரிகளை நிரப்பிக் காட்டுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த இடத்தில் நிறுத்துங்கள். பேப்பரைக் கிழிப்பது சுலபம்... ஆயிரம் வரி ஏறிய டேட்டாபேஸைக் கிழிப்பது?

இன்னொன்று. பெரிய ஆள் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தெரிந்ததை விட்டுக்கொடுக்காதீர்கள்.

லாட் நம்பரைத் திரும்பச் சேர்த்துவிட்டாள் கவிதா. வெள்ளிக்கிழமை முதலாளி 'நேவி' என்று தட்டினார். இரண்டு லாட், இரண்டு வரி, தனித்தனி ரோல் கணக்கு. ரேக்குக்கே போய் ரோல்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "கண்ணு, திங்கக்கெழமைல இருந்து இதுலயே ஓட்டிக்கலாம்!" என்றார். அண்ணாச்சி அடித்த விசிலில் தையல் செக்‌ஷனே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே.

கவிதா எனக்கும் ஒரு லாகின் கொடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்க்கலாம்... எதிலும் கை வைக்க முடியாது!